ஐம்பது கேபிக்குள்

முக்கூடல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் மெஷினுக்கும் மானிட்டருக்கும் நடுவில்
முழங்கால் இடிக்கிற இடத்தில் என் நாற்காலி.
காலையிலிருந்து இருபத்தேழு முகங்களைச் சுருக்கியிருக்கிறேன்.
கல்லூரிக்கு நாலு, கறவை மாட்டுக் கடனுக்கு ஒன்று,
போலீஸ் தேர்வுக்கு முறுக்கு மீசையோடு ஒருவன்.
அவன் மீசை ஐம்பது கேபியில் வெறும் கரிக்கோடாகிவிட்டது.
"இருக்கட்டும்ணே, ஆளு தெரியுதுல்லா" என்று போய்விட்டான்.

எது முதலில் போகும் என்று எனக்குத் தெரியும்.
புருவத்தில் திரும்பி நிற்கும் ஒற்றை மயிர்,
மூக்குத்திக் கல்லின் மினுக்கம்,
கழுத்து மடிப்பில் பவுடர் திட்டு.
பின்னால் தொங்குகிற நீலத்துணி மட்டும்
எவ்வளவு நசுக்கினாலும் அப்படியே இருக்கும்.
ஒன்றுமில்லாத இடத்துக்கு எடை கிடையாது.

நாலரை மணிக்கு பிரம்மசக்தி வந்தாள்,
கூடவே புகையிலைத் தூளின் நெடி.
சான்றிதழின் பேரை நான்தான் வாசித்துச் சொன்னேன்:
கணவரால் கைவிடப்பட்ட பெண்.
"ஆமா, அதுதான்" என்றாள்,
ரேஷன் கடையில் பாமாயில் என்பது மாதிரி.

போட்டோ கேட்டேன். போனை நீட்டினாள்.
தங்கச்சி மகள் சடங்கு வீட்டில் எடுத்தது.
ஆறு பேர், பின்னால் வாடகைக் குத்துவிளக்கு.
"இதுலதாம்ணே நான் நல்லா இருக்கேன். வேற எடுக்காண்டாம்."

நாலு எம்பி.
அவளை மட்டும் தனியே வெட்டினேன்: இருநூற்றுப் பத்து கேபி.
தரத்தை அறுபதாக்கினேன்: எண்பத்தெட்டு.
நாற்பதாக்கினேன்:
ஐம்பத்தொன்று.

ஒற்றை கேபிக்கு அந்தத் தளம்
சிவப்பு எழுத்தில் எரிந்து விழுந்தது.
இன்னும் குறைத்தால் முகம் கட்டம் கட்டமாகப் பெயரும்.
போன மாதம் ஊர்க்காட்டான் ஒருவருக்கு அப்படி அனுப்பி
'புகைப்படம் தெளிவாக இல்லை' என்று திரும்பி வந்து
அவர் கொடுத்த அறுபது ரூபாயை நான் திருப்பிக் கொடுத்தேன்.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
இடது தோளில் நாலு விரல்.
ஆள் வெட்டுப்பட்டுப் போயாச்சு, விரல் போகவில்லை.
ஒரு விரலில் பச்சைக்கல் மோதிரம்,
விரலிடுக்கில் கசங்கிய பட்டின் சின்னச் சின்ன மடிப்பு.
எடை அத்தனையும் அங்கேதான் இருந்தது.
படத்தில் இன்னும் விடவில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே குனிந்து பார்த்தாள்.
"அவிய கைதான். அன்னைக்கு நல்ல மனசா இருந்தாவ."
மின்விசிறி ஒரு சுற்று தடுக்கிச் சுற்றியது.
"எத்தன கூட இருக்கு?"
"ஒண்ணு."

"தகடு வச்சு இலை வெட்டுவோம்லா" என்றாள்,
என்னிடமா மானிட்டரிடமா தெரியவில்லை.
"தகட்டுக்கு வெளிய நிக்கது நல்ல இலையா இருந்தாலும் வெட்டத்தான் செய்யணும்.
பெருசா சுத்துனா கடையில கழிச்சுருவான்."
பிறகு, "வெட்டுங்க."

"கைய மட்டுமா?"
"கைய மட்டும் எப்படி?
தோளோட வெட்டுங்க."

கோட்டை உள்ளே இழுத்தேன்.
நாற்பத்தாறு.
தளம் பச்சையாகச் சிரித்து வாங்கிக்கொண்டது.
ஓடிபி எண்ணை அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள்,
கத்தரி பிடித்துத் தடித்த பெருவிரலை
எழுத்தின் அடியில் நகர்த்தி நகர்த்தி.

"பழசு அழிஞ்சுராதுல்லா?"
"உங்க போன்ல அப்படியே இருக்கு."
"கெடக்கட்டும்" என்றாள்.
பாப்பாக்குடி பஸ் ஹாரன் அடித்தது,
மீதி நாற்பது ரூபாயை வாங்காமலே ஓடினாள்.

அடுத்தது ஒரு கைக்குழந்தை, பாஸ்போர்ட்டுக்கு.
அப்பா தம்மாமில். இன்னும் தலை நிற்கவில்லை.
வெள்ளைத்துணி பின்னால் வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும்,
பிடித்திருக்கிற கை படத்தில் தெரியக்கூடாது
என்று விதியை வாசித்தேன்.
பிடிக்காம எப்படிண்ணே எடுக்க என்கிறாள் அதன் தாய்.